நிறம் தீட்டிய கரைகள்: கடலோரப் பயணப் படங்களும் கல்முனையும்

பயணத்தில் எடுத்த கடலோரப் புகைப்படத்தை டிஜிட்டல் ஓவியமாக மாற்றும் வேலை கணினியோடு பிறந்ததுபோலத் தோன்றினாலும் அதன் வேர் நானூறு ஆண்டு பழையது. ஒருவர் கரையைப் பார்த்து வருவார். அவர் கொண்டுவந்த குறிப்பையோ கோட்டுப்படத்தையோ புகைப்படத்தையோ வைத்துக்கொண்டு, அந்தக் கரையை ஒருநாளும் பாராத இன்னொருவர் அதற்கு நிறமும் வானமும் சேர்ப்பார். மூன்றாமவர் அதைக் காசு கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டுவார். இலங்கையின் துறைமுக நகரங்கள் உலகத்தாரின் கண்ணுக்குப் போனது இந்த மூன்று கைகள் வழியாகத்தான். அந்த வரிசையில் மிகப் பிந்திச் சேர்ந்தவை இன்றைய அம்பாறைக் கரையின் முஸ்லிம் ஊர்கள்: மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில். அழகில் குறைந்த கரை என்பதால் அவை பிந்தவில்லை. படம் வரைவோரும் எடுப்போரும் கப்பல் நின்ற இடத்தில் இறங்கினார்கள். இந்த ஊர்களில் கப்பல் நிற்கவில்லை.

இந்தக் கரைக்கு அருகே உருவான பழைய அச்சுப் படங்கள் மட்டக்களப்பைப் பற்றியவை. 1602இல் ஒல்லாந்துக் கப்பற்றலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் இறங்கி அங்கிருந்து கண்டி மன்னனைக் காணப் போனார். போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பின் புளியந்தீவில் கோட்டை கட்டினர். பத்து ஆண்டில் அது ஒல்லாந்தர் வசமானது. யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த பாதிரியார் பிலிப்பஸ் பல்தேயஸ் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியிட்ட பெருநூலில் கோட்டை இருந்த கடலோர ஊர்கள் செப்புத்தகட்டுப் படங்களாக இடம்பெற்றன. அத்தகைய படங்களுக்கும் வரைபடங்களுக்கும் கையால் நிறம் தீட்டுவது அந்நாளில் அம்ஸ்ரடாமில் தனித் தொழில். அதில் பேர்போன டிர்க் யான்ஸ் வான் சான்டென் (1637–1708) பணக்கார வாசகர்களுக்காக நூல்களுக்குப் பொன்னிறம் வரை பூசிக் கொடுத்தவர். அச்சான கறுப்புக் கோடு எல்லாப் பிரதியிலும் ஒன்றாக இருக்க, கடலின் நீலமும் தென்னையின் பச்சையும் பிரதிக்குப் பிரதி மாறின. நிறத்தைத் தீர்மானித்தது கரை அன்று. தீட்டுபவரின் கிண்ணத்தில் கரைந்திருந்த சாயம்.

கல்முனையில் கோட்டையும் இல்லை, துறைமுகமும் இல்லை. கிழக்கே நேரே திறந்த கடல், மேற்கே வயல்வெளி, இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் மேட்டில் நெருங்கிய குடியிருப்புகள். இப்படிப்பட்ட ஊரைக் கடற்படைப் பொறியாளரோ கம்பனி ஓவியரோ வரைய முகாந்திரம் இல்லை.

ஆங்கிலேயர் காலத்தில் வந்த ஓவியர்களின் பாதையும் ஏறத்தாழ அதுவே. சாமுவேல் டானியல் 1808இல் லண்டனில் வெளியிட்ட பன்னிரண்டு இலங்கைக் காட்சிகள் அக்குவாடின்ட் முறையில் அச்சாகிக் கையால் நிறம் பெற்றவை. பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த அன்ட்ரூ நிக்கல் 1846இல் கொழும்பு அக்கடமியில், அதாவது இன்றைய றோயல் கல்லூரியில், நிலக்காட்சி வரையக் கற்பிக்க வந்தார். குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட்டின் 1859ஆம் ஆண்டு நூலில் நிக்கலின் படங்கள் மரச்செதுக்காக அச்சாயின. டெனன்ட் 1848இல் மட்டக்களப்புக்கு வந்தவர். அவர் அங்கிருந்து உலகுக்குக் கொண்டுபோன பெரிய செய்தி வாவியில் இரவில் கேட்கும் மீன்பாட்டு. கிழக்குக் கரை ஆங்கில வாசகரின் காதில் விழுந்தது, கண்ணில் படவில்லை. பிற்காலத்துச் சுற்றுலாக் கையேடுகளும் அந்தப் பாட்டைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லின.

1839 ஒகஸ்ட் 19ஆம் திகதி பாரிசில் டகரோடைப் என்ற புகைப்பட முறை பகிரங்கப்படுத்தப்பட்டது. ஓவியருக்கு இனி வேலையில்லை என்று அன்று பேசப்பட்டது. கடலோரப் படங்களைப் பொறுத்தவரை நடந்தது நேர்மாறு. அக்காலத் தகடுகளும் தாள்களும் நீல ஒளிக்கு மிகக் கூர்மையானவை, சிவப்புக்கு ஏறக்குறையக் குருடு. நிலத்துக்கும் கட்டடத்துக்கும் வேண்டிய நேரம் ஒளி பட்டால் வானம் முழுவதும் வெளுத்துப்போகும். முகில் ஒன்றும் பதியாது. கடலோர நகரத்தை எடுத்தால் படத்தின் பாதி வெற்றுத்தாளாக நிற்கும். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் குஸ்தாவ் ல கிரே 1856, 1857ஆம் ஆண்டுகளில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு வேறொன்று என எடுத்து இரண்டையும் ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டு இந்தக் குறையைத் தாண்டினார். அவருடைய புகழ்பெற்ற கடற்காட்சிகள் சிலவற்றில் மேலே மிதக்கும் முகில் கீழே உருளும் அலையின் நாளைச் சேர்ந்தது அன்று. ஒரே வானத்தை அவர் வெவ்வேறு கடல்களின் மேல் ஏற்றியதும் உண்டு. 2020இல் போட்டோஷொப்பில் வானத்தை மாற்றுவதற்கென்றே ஒரு கருவி வந்தபோது அதை மோசடி என்று கண்டித்தவர்கள், கடற்படங்களின் வானம் தொடக்கம் முதலே கடன் வாங்கியது என்பதை மறந்துவிட்டார்கள்.

இலங்கைப் படங்களில் புகைப்படமும் வண்ணமும் கூடிய மிகப் பழைய பெருந்தொகுதி பிரெடரிக் ஃபீபிக் என்பவருடையது. கல்கத்தாவில் லித்தோ அச்சு ஓவியராகத் தொழில் தொடங்கிப் பிறகு புகைப்படத்துக்கு மாறியவர் இவர். 1852இல் இலங்கையில் காலி, கொழும்பு, கண்டி முதலிய இடங்களை எடுத்து, உப்புத்தாளில் அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் நீர்வண்ணம் பூசினார். உப்புத்தாளில் படம் தாளின் நாருக்குள் ஊறி நிற்கும். மேலே பளபளப்பு இராது. ஆகவே வண்ணம் வழுக்காமல் ஒட்டும், கீழே உள்ள நிழலும் தெரியும். கல்கத்தா, சென்னை, இலங்கை, மொரீசியஸ், நன்னம்பிக்கை முனை எனத் துறைமுகம் துறைமுகமாகச் சேர்ந்த அவருடைய படங்களில் ஏறத்தாழ 500ஐ 1856இல் கிழக்கிந்தியக் கம்பனி வாங்கியது. அவை இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. பயணப் புகைப்படத்தை ஓவியமாக்குவதற்கு இதைவிடத் தெளிவான முன்னோடி இந்தத் தீவுக்கு இல்லை.

இந்த வேலையை ஒரு பட்டறைத் தொழிலாக வளர்த்த நகரம் ஜப்பானின் யொக்கோஹாமா. 1860களில் பெலிச்சே பியாட்டோ அங்கே நிலையம் வைத்து, மரஅச்சு ஓவியத்தில் கைபழகிய ஜப்பானியரைக் கொண்டு புகைப்படங்களுக்கு நிறம் தீட்டுவித்தார். கப்பலில் வந்திறங்கும் வெளிநாட்டார் அரக்கு அட்டை போட்ட ஆல்பங்களாக அவற்றை வாங்கிப் போயினர். கொழும்பில் நடந்ததும் இதன் இன்னொரு வடிவமே. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தது. 1875இல் தொடங்கிய அலைதாங்கிச் சுவர் கொழும்பைப் பெருந்துறைமுகமாக்கிக் காலியைப் பின்தள்ளியது. ஸ்கீன், ஸ்கோவன் நிலையங்கள் பயணிகளுக்கு ஆல்பங்கள் விற்றன. 1890இல் தொடங்கிய பிளாட்டே நிலையம் தபாலட்டைகளில் பேர்பெற்றது. தபாலட்டைக் காலத்தில் நிறம் பூசும் கை மீண்டும் கடல் தாண்டிப் போனது. கறுப்பு வெள்ளைப் படத்தை ஜேர்மன் அச்சகங்களுக்கு அனுப்பினால் அங்கே நிறத்துக்கொரு கல் செய்து லித்தோ முறையில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடுவார்கள். சூரிச்சில் வளர்ந்த போட்டோகுரோம் முறையில் ஒரு படத்துக்கு ஆறுக்கும் மேற்பட்ட கற்கள் வேண்டும். கல்லைத் தயாரித்தவருக்குக் கிடைத்தது சிறு குறிப்பு மட்டும்: மண் சிவப்பு, சேலை மஞ்சள், கடல் நீலம். மீதியை அவர் தன் ஊர் வெயிலைக் கொண்டு நிரப்பினார். முதல் உலகப் போர் வந்து ஜேர்மன் அச்சகங்களின் கதவை அடைத்தது. அந்த ஓட்டம் நின்றது.

இத்தனை ஆல்பங்களும் அட்டைகளும் சுற்றிய வட்டம் கொழும்பு, காலி, கண்டி, நுவரெலியா, அநுராதபுரம், சற்றே தள்ளித் திருகோணமலை. ரயில் 1928இல்தான் மட்டக்களப்புக்கு வந்தது. அதுவும் அங்கேயே நின்றுவிட்டது. அங்கிருந்து தெற்கே கல்முனைக்குச் சுமார் 40 கிலோமீற்றர். கல்லடியில் வாவியைத் தாண்ட லேடி மனிங் பாலம் வந்ததும் 1920களில்தான். கனத்த பெட்டிக் கமராவும் கண்ணாடித் தகடுகளும் சுமந்து வரும் ஒரு நிலையத்தாருக்கு இந்தப் பாதையின் முடிவில் விற்பனைக்கு உதவும் காட்சி ஒன்றும் இல்லை. இடிந்த தாகபை, தேயிலை மலை, ஆங்கிலேயர் விடுதி எதுவும் இங்கே கிடையாது. நெல்லும் மீனும் தேங்காயும் கைத்தறியும் வைத்து வாழ்ந்த ஊர்கள் தபாலட்டைக்குப் பொருத்தமான சோம்பலைக் காட்டவில்லை.

உள்ளூர் வீடுகளின் சுவரில் என்ன தொங்கியது என்பது இந்த வரலாற்றின் இன்னொரு பாதி. உயிருள்ளவற்றை உருவமாக்குவது பற்றி இஸ்லாமிய சட்ட அறிஞரிடையே நெடுங்கால விவாதம் உண்டு. மரம், மலை, கடல் போன்ற உயிரற்றவையாகக் கொள்ளப்படும் காட்சிகளை வரையலாம் என்பதற்கு நபித்தோழர் இப்னு அப்பாஸ் ஓர் ஓவியருக்குச் சொன்ன அறிவுரை ஆதாரமாகக் காட்டப்படும். ஆகவே கஃபாவும் மதீனாவும் அரபு எழுத்தணியும் பசும் நிலக்காட்சியும் தடையின்றிச் சுவர் ஏறின. ஆட்களின் படங்கள் பெரும்பாலும் ஆல்பத்துக்குள் இருந்தன. புகைப்படம் வந்ததும் விவாதம் புதுத் திருப்பம் எடுத்தது. எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்முத்தீஈ, கமரா செய்வது நிழலைப் பிடித்து வைப்பதே, படைப்பது ஆகாது என்று வாதிட்டு அதை ஆகுமாக்கினார். தென்னாசிய உலமாக்களில் பலர் அதை ஏற்கவில்லை. அந்த வாதத்தை இன்றைய தொழிலோடு பொருத்திப் பார்த்தால் சுவையான ஒரு சிக்கல் தெரியும். பிடித்து வைத்த நிழலைத் தூரிகைப் பூச்சாக மறுபடி ஆக்கும்போது அந்த வேலை எந்தப் பக்கம் சேரும்? மணலில் இழுத்துவைத்த தோணியும் தென்னையும் மினாராவும் மட்டும் உள்ள படத்துக்கு இந்தக் கேள்வியே எழாது. இக்கரை வீடுகளில் அலங்காரப் படமாக ஆளில்லாத கடற்காட்சி எளிதில் இடம்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊர்களில் ஸ்டூடியோக்கள் பெருகியதற்குக் காட்சி ஆசையைவிட அரச தேவை பெரிய காரணம். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. அதற்குப் படம் கட்டாயம். ஹஜ்ஜுக்குப் போகவும், 1970களின் பிற்பகுதி தொடங்கி வளைகுடாவுக்கு வேலைக்குப் போகவும் கடவுச்சீட்டுப் படம் வேண்டும். இருட்டறையில் கழுவி எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தைப் பென்சிலால் டச்சிங் செய்வதும், பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்துக்கும் உதட்டுக்கும் மென்சாயம் ஏற்றுவதும் தெற்காசியா எங்கும் ஸ்டூடியோக்காரரின் கைத்திறன். பின்னால் தொங்கும் திரைச்சீலையில் வாவியும் மாளிகையும் இருக்கும். தமிழ்நாட்டில் கோவில்பட்டியின் தேவி ஆர்ட் ஸ்டூடியோவை நடத்திய சி. கொண்டையராஜு (1898–1976) நாடகத் திரைச்சீலை, புகைப்படம், நாட்காட்டி ஓவியம் மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தார். புகைப்படமும் ஓவியமும் இரண்டு தொழில் என்ற பிரிவு தமிழர் ஸ்டூடியோக்களில் என்றுமே இறுக்கமாக இருந்ததில்லை.

அம்பாறைக் கரையின் முஸ்லிம், தமிழ் ஊர்களை நின்று நிதானமாகப் பதிந்த வெளியார் படங்கள் சுற்றுலாக்காரரிடமிருந்து வரவில்லை. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969இல் அக்கரைப்பற்றில் களப்பணி தொடங்கினார். குடி முறை, பள்ளிவாசல், கோயில், கந்தூரி என அவர் பல பத்தாண்டுகள் சேர்த்தவற்றின் பயனாக அவருடைய பெருநூல் 2008இல் வெளிவந்தது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்று விழா அவர் கவனித்து எழுதியவற்றில் ஒன்று. நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டவரின் நினைவாக ஆண்டுதோறும் அங்கே கொடி ஏறும். நாகூரும் கல்முனைக்குடியும் ஒரே வங்கக் கடலைப் பார்த்து நிற்கும் ஊர்கள். அடக்கத்தலம் அங்கே, நினைவிடம் இங்கே. மினாரா, கொடி, மணல், கூட்டம், பின்னால் கடல் என்று அமையும் இந்த ஒரு காட்சியைக் கல்முனைக்கே உரிய படம் என்று சொல்லலாம். 

1990இல் மீண்டும் மூண்ட உள்நாட்டுப் போர் 2007 வரை கிழக்கை வருத்தியது. சோதனைச்சாவடிகள் நிறைந்த தெருவில் கமராவோடு நடப்பதே சந்தேகத்துக்கு இடமான காலம் அது. இதே காலத்தில் வெளியுலகத்துக்கு இலங்கைக் கரை என்றால் வெலிகமையில் கோல் மேல் அமர்ந்து மீன்பிடிப்பவர் என்று ஆகிவிட்டது. ஸ்டீவ் மக்கரி 1995இல் எடுத்த படம் அதற்குப் பெரும் துணை. அம்பாறை மாவட்டத்துக்குள் பயணிகள் கமரா பெரிதும் திரும்பியது பொத்துவிலை அடுத்த அறுகம்பைப் பக்கம் மட்டுமே, அதுவும் அலைச்சறுக்குக்காக. கரைவலை இழுக்கும் கல்முனையும் தறி ஓடும் மருதமுனையும் சட்டகத்துக்கு வெளியே நின்றன.

அந்த ஆண்டுகளுக்குள்ளேயே, 2004 டிசம்பர் 26இல், சுனாமி வந்தது. இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை; பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர்க் கரையோரம் தெருத்தெருவாக அழிந்தது. வீட்டோடு அலமாரியும், அலமாரியோடு ஆல்பமும் போயின. அன்று காலை 10.20 அளவில் குயிக்பேர்ட் செய்மதி எடுத்து உலகம் முழுவதும் ஓடிய படம் மேற்குக் கரையின் களுத்துறையைக் காட்டியது. அழிவிலும்கூடக் கிழக்கின் படம் பிந்தித்தான் வந்தது. அடுத்து வந்த அரச அறிவிப்பு கிழக்கிலும் வடக்கிலும் 200 மீற்றர், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் என்று கரையோரத் தடைவலயம் வகுத்தது. பின்னர் அது தளர்ந்தாலும், கடலை ஒட்டி நெருங்கியிருந்த வீட்டு வரிசைகள் பல திரும்ப எழவில்லை. இன்று பயணி ஒருவர் வெறும் மணலும் தென்னையும் என்று எடுக்கும் இடங்களில் சில 2004 வரை தெருக்கள்.

டிஜிட்டல் பக்கத்துக் கதை தொடங்குவதும் ஒரு கடற்கரைப் பயணப் படத்தில்தான். ஜோன் நோல் என்பவர் 1987இல் பொரா பொரா தீவின் கரையில் தம் காதலி அமர்ந்திருக்கும் காட்சியை எடுத்தார். அந்தப் படத்தை ஸ்கான் செய்து, தாமும் தம் அண்ணன் தோமசும் எழுதிய நிரலின் திறமையைக் காட்ட எடுத்துச் சென்றார். அந்த நிரல் 1990 பெப்ரவரியில் போட்டோஷொப் என்ற பெயரில் வெளிவந்தது. அதே ஆண்டு போல் ஹேபர்லி என்பவர் புகைப்படத்தைத் தூரிகைப் பூச்சுகளாகப் பிரிக்கும் வழியை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். திரையில் எங்கே தூரிகை படுகிறதோ, அடியில் உள்ள புகைப்படத்தின் அந்தப் புள்ளியிலிருந்து நிறம் வரும். பூச்சின் திசை வெளிச்சம் எந்தப் பக்கம் ஏறி இறங்குகிறது என்பதைப் பின்பற்றும். 1991இல் வந்த பெயின்டர் மென்பொருள் எண்ணெய் வண்ணம், சுண்ணம், நீர்வண்ணம் ஆகியவற்றின் குணத்தைத் திரையில் காட்டியது.

எண்ணெய் ஓவியம்போலத் தோற்றம் தரும் வடிகட்டிகள் பலவற்றின் அடியில் இருக்கும் ஒரு கணக்கு ஓவியத்துக்காக எழுதப்பட்டதே அன்று. குவாஹாரா என்ற ஜப்பானியரும் அவருடைய குழுவினரும் 1976இல் இதய இரத்தோட்டப் படங்களைத் தெளிவாக்க அதை வகுத்தனர். ஒரு புள்ளியைச் சுற்றி நான்கு சிறு சதுரங்களை எடுத்து, எந்தச் சதுரத்துக்குள் நிறம் மிகக் குறைவாக மாறுகிறதோ அதன் சராசரியை அந்தப் புள்ளிக்கு இடுவது. இதனால் விளிம்புகள் கூராக நிற்கும், உள்ளே இருக்கும் சிறு சொரசொரப்பெல்லாம் ஒரே பூச்சாகப் படியும். 2015இல் ஜேர்மனியின் டியூபிங்கன் ஆய்வாளர்கள் கற்றிஸ், எக்கர், பெத்கே வேறொரு வழியைக் காட்டினர். ஆற்றங்கரையில் வீடுகள் அடுக்கி நிற்கும் தங்கள் ஊரின் புகைப்படத்தின் மேல், டேர்னரின் கப்பல்சேத ஓவியத்தின் தன்மையையும் வான்கோவின் விண்மீன் இரவின் தன்மையையும் நரம்பணி வலைப்பின்னல் மூலம் ஏற்றினர். மறு ஆண்டு பிரிஸ்மா செயலி அதைக் கைத்தொலைபேசிக்குள் கொண்டுவந்தது. 2022 முதல் பரவிய செயற்கை நுண்ணறிவுப் பட உருவாக்கிகள் சொல்லைக் கொடுத்தாலே கடற்கரையை வரைகின்றன. இணையத்தில் குவிந்துள்ள படங்களில் கற்றவை என்பதால், அவை எதை அதிகம் கண்டனவோ அதன் பக்கமே சாய்கின்றன.

இக்கருவிகள் கல்முனைக் கரையில் எப்படி வேலை செய்கின்றன என்பது கரையின் இயல்பைப் பொறுத்தது. கொழும்புக் காலிமுகத்திடலிலும் காலியிலும் சூரியன் கடலில் இறங்கும். தபாலட்டையிலிருந்து செயலி வரை பழகிய செம்பொன் அந்தி அங்கிருந்து வந்தது. கிழக்கில் சூரியன் கடலிலிருந்து எழும். அந்தியில் வெளிச்சம் ஊருக்குப் பின்னாலிருந்து கடல் மேல் விழும். தோணிகள் கறுத்த நிழலுருவாகத் தெரியாமல், பக்கவாட்டுப் பலகையின் நீலமும் செம்மஞ்சளும் வெளிச்சத்தில் பளிச்சிடும். கடல் கருநீலமாக ஆழும். தென்னையின் நிழல் நீரை நோக்கி நீளும். அந்த நேரப் படத்தின் மேல் ஆயத்தச் செம்பொன் வடிகட்டியை ஏற்றினால், மறையும் சூரியன் இல்லாத இடத்தில் மறையும் சூரியனின் நிறம் வந்துவிடும். ஜேர்மன் கல்லச்சுக்காரர் செய்த பிழையும் இதே வகை.

பருவமும் அப்படியே. ஆனி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். நிலத்தைத் தாண்டி வரும் காற்று என்பதால் கரையோரக் கடல் படிந்து கிடக்கும். வானமும் நீரும் பெரிய தட்டையான பரப்புகளாக அமையும். குவாஹாரா வகைக் கணக்குக்கு இது வாய்ப்பானது. கையால் எதுவும் திருத்தாமலே நல்ல பூச்சு விழும். கார்த்திகை, மார்கழியில் வாடை வந்ததும் நுரையும் சாம்பல் முகிலும் மணலில் படிந்த குப்பையும் சேர்ந்து படம் முழுவதும் சிறு மாற்றங்களால் நிறையும். அப்போது இயந்திரம் எல்லாவற்றையும் ஒரே சேறாகக் குழைக்கும். எந்தப் பருவத்திலும் தப்பாமல் அழிவது கயிறும் வலையும். கரைவலை இழுக்கும் படத்தில் இரண்டு வரிசை ஆட்கள் எதையோ பிடித்துச் சாய்ந்து நிற்பார்கள். பிடித்த கயிறு பூச்சில் கரைந்திருக்கும். கைவேலை தெரிந்தவர்கள் இதற்காகப் படத்தை அடுக்குகளாகப் பிரிப்பர்: அடியில் வானத்துக்கும் கடலுக்கும் அகலப் பூச்சு, அதன்மேல் மணலும் தோணியும், இறுதியில் கயிறு, வலை, ஓலை நுனி ஆகியவற்றை மூலப் படத்தைப் பார்த்துத் தனித் தூரிகையால் வரைவது. அடிவானக் கோடு நேரா என்பதை எல்லாவற்றுக்கும் முன் சரிபார்ப்பதும் அவர்களுக்குப் பழக்கம். சாய்ந்த கடல் புகைப்படத்தில் கண்ணுக்குத் தப்பலாம், ஓவியமானதும் தப்பாது.

அச்சின் அளவையும் மூலப் படமே தீர்மானிக்கிறது. கைத்தொலைபேசியின் 12 மெகாபிக்சல் படம் 4032க்கு 3024 புள்ளிகள். கன்வஸில் அங்குலத்துக்கு 150 புள்ளி என்று கொண்டால் சுமார் 27 அங்குல அகலம் தாங்கும். அதே படம் வட்ஸ்அப்பில் வழக்கமான தரத்தில் வந்தால் ஏறக்குறைய 1600 புள்ளிக்குச் சுருங்கிவிடும். 10 அங்குலத்துக்கு மேல் இழுத்தால் பல்லிளிக்கும். தூரிகைப் பூச்சு இந்தக் குறையை ஓரளவு மறைக்கும் என்பதால், சுருங்கிய படங்களை ஓவியமாக்கிப் பெருப்பிப்பது ஓர் உத்தியாகவே ஆகிவிட்டது. ஆனால் அப்படிச் சுருங்கும்போது கோப்புக்குள் பதிந்திருந்த திகதி, நேரம், இடம் முதலிய விவரங்களும் உதிர்ந்துவிடுகின்றன.

விவரம் உதிர்வது இந்தக் கரையில் சிறு இழப்பன்று. ஒலுவிலில் 1999இல் வெளிச்சவீடு எழுந்தது. 2013இல் துறைமுகம் திறந்தது. அலைதாங்கிகள் மணலின் இயல்பான ஓட்டத்தை மறிக்க, துறைமுக வாயில் மணலால் தூர்ந்தது. அயலில் கரை அரிக்கப்பட்டுத் தென்னைகள் கடலில் சாய்ந்தன. 2005இன் ஒலுவில் கரையும் 2015இன் ஒலுவில் கரையும் ஒரே இடத்திலிருந்து எடுத்தாலும் ஒத்துப்போகா. புகைப்படத்தில் தோணியின் பதிவிலக்கம், கல்வேலியின் உயரம், வேரறுந்த மரம் எல்லாம் ஆண்டைச் சொல்லும். ஓவியமாக்கும் கணக்கு முதலில் உறிஞ்சி எடுப்பது இத்தகைய சிறு குறிகளைத்தான். ஃபீபிக்கின் வண்ணப் படங்களிலும் நீர்வண்ணத்தின் அடியில் 1852இன் சுவர்களும் கூரைகளும் அப்படியே உள்ளன. அதனால்தான் வரலாற்றாளர் இன்றும் அவற்றைத் தேடுகின்றனர். மூலக்கோப்பைத் தனியே சேமித்து, மாற்றிய படத்தின் பெயரிலேயே இடத்தையும் திகதியையும் எழுதி வைக்கும் பழக்கம் பழைய ஸ்டூடியோக்காரர் நெகட்டிவ் உறையில் எண்ணிட்டு வைத்ததன் தொடர்ச்சி.

உரிமை யாருடையது என்பதையும் சட்டம் வகுத்திருக்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்தைக் காக்கப்படும் ஆக்கமாகக் கொள்கிறது. படைத்தவரின் ஆயுளும் அதன்மேல் 70 ஆண்டும் பொருளாதார உரிமை நீடிக்கும். ஆக்கத்தை வேறு வடிவுக்கு மாற்றும் உரிமையும் அதில் அடக்கம். ஆகவே இன்னொருவர் எடுத்த அறுகம்பைப் படத்தை இணையத்திலிருந்து இறக்கி ஓவியமாக்கி விற்பதற்கு எடுத்தவரின் அனுமதி வேண்டும். மாற்றியவர் தம் கைத்திறனால் புதிதாகச் சேர்த்ததற்குத் தனிக் காப்பு உண்டு. அது மூலப்படத்தின் உரிமையைக் குறைப்பதில்லை. பல்தேயஸின் செப்புத்தகடுகள், ஃபீபிக்கின் உப்புத்தாள்கள் முதலியவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அவற்றின் காலம் எப்போதோ கடந்துவிட்டது. கல்முனைக் கரையின் படங்களுக்கோ பெரும்பாலும் அந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஏனெனில் அவற்றில் மிகப் பெரும்பகுதியை எடுத்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.